ஓராண்டாவது, ஓராண்டுதான்: நாய்களின் தடுப்பூசி அட்டையில் ஓர் இடைச்சொற்பிழை

சென்ற ஆண்டு ஜூலையில், ஒரே வாரத்தில், இரண்டு நிகழ்ச்சிகளைக் கண்டேன்.

முதலாவது, ஹைதராபாத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது. மிளகு என்னும் ஆறு வயதுச் சிறுநாயை ஆண்டுத் தடுப்பூசிக்காக அழைத்துச் சென்று திரும்பியிருந்தேன். ஏழு கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ் அது. குட்டிப் பருவத் தவணைகள் முடிந்தபின் ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவந்த அதே கூட்டு ஊசியை ஆறாவது முறையாகப் போட்டிருந்தார்கள். அதே நாளில் ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. வீடு வந்த ஒரு மணி நேரத்தில் மிளகின் முகம் வீங்கியது. இருமுறை வாந்தி எடுத்தது. திரும்ப ஓடினோம். ஒவ்வாமைக்கு மருந்து செலுத்தினார்கள், இரவுக்குள் தேறிவிட்டது.

இரண்டாவது, வளாகத்தில் நடந்தது. விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம் ஒரு தெருநாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. அவற்றுள் நான்கு, இரத்தப்போக்குடன் கூடிய வயிற்றுப்போக்கால் நான்கே நாட்களில் இறந்தன. பார்வோ. நாங்கள் சில ஆய்வு மாணவர்கள் உதவித்தொகையில் இருந்த பணத்தைச் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தோம். காலங்கடந்த செலவு அது.

ஏற்கெனவே காப்புப் பெற்றிருந்த ஓர் உடலுக்கு ஆறாவது முறையாக மருந்து. ஒருமுறைகூடப் பெறாத ஐந்து உடல்களுக்கு ஒன்றுமில்லை. இந்தப் பொருத்தமின்மை தற்செயலானது என்று அப்போது எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை.

இவ்வாண்டுத் தவணை நெருங்கியபோது மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ஊசி போடுவதற்குமுன் மிளகின் குருதியில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா? அவர் நல்லவர், அன்றிரவு மிளகைக் காப்பாற்றியவர். அவர் தந்த விடை இதுதான்: “அட்டையில் தேதி வந்துவிட்டதே, பிறகு பரிசோதனை எதற்கு?”

இந்த விடையை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். மறுப்பு அந்த ஒரு மருத்துவருக்கு எதிரானதன்று. அட்டையில் அச்சிட்ட தேதியை உடலைப் பற்றிய சான்றாகக் கொள்ளும் பழக்கத்துக்கு எதிரானது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது தடுப்பூசி எதிர்ப்புப் பதிவன்று. அமிர்தமும் அளவு மிஞ்சினால் நஞ்சு என்ற பழமொழியோடு இதைப் பகிர நினைப்பவர்கள் அருள்கூர்ந்து பகிர வேண்டாம். தடுப்பூசி நஞ்சன்று. கால்நடை மருத்துவம் நாய்களுக்கு ஈந்த மிகப்பெரிய கொடைகளுள் அது ஒன்று. 1978 அளவில் பார்வோ உலகெங்கும் பரவி எண்ணற்ற குட்டிகளைக் கொன்றது. அதை அடக்கியது தடுப்பூசியே. என் வாதம் இதுதான்: தடுப்பூசியை மதிப்பவர்களே அது வேலை செய்ததா என்று கேட்க வேண்டும்.

இனி, பிழை எங்கே நேர்ந்தது என்று பார்ப்போம். மொழியியல் படித்தவர்களுக்கு அது உடனே புலப்படும்.

தடுப்பூசிக்கு உரிமம் பெறுவதற்காக, ஊசி போட்ட நாய்களை ஒரு குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, அதன்பின் நோய்க்கிருமியைச் செலுத்திச் சோதிப்பார்கள். பல தடுப்பூசிகளுக்கு அக்காலம் ஓராண்டாக இருந்தது. அந்த நாய்கள் காக்கப்பட்டன என்றால் ஆய்வு நிறுவுவது யாது? “இம்மருந்து ஓராண்டாவது காக்கும்” என்பது. ஆய்வு அத்துடன் நின்றது. ஆற்றல் அத்துடன் நின்றது என்று எவரும் காட்டவில்லை. ஆனால் மருந்துச் சீட்டிலிருந்து மருத்துவரின் மேசைக்கும், அங்கிருந்து நம் கையிலுள்ள அட்டைக்கும் வந்துசேர்வதற்குள் அந்த வாக்கியம் “ஓராண்டுதான் காக்கும்” என்று மாறிவிட்டது. ‘ஆவது’ குறைந்தபட்சத்தைச் சுட்டுவது. ‘தான்’ வரம்பு கட்டுவது. தமிழ் இலக்கணம் இடைச்சொற்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கியதன் அருமை இத்தகைய இடங்களில்தான் விளங்குகிறது. ஓர் இடைச்சொல் மாறியது. கோடிக்கணக்கான ஊசிகள் அதைப் பின்தொடர்ந்தன.

இது புதிதாகக் கண்டறிந்த உண்மையும் அன்று. ஆண்டுதோறும் அன்றி மூன்றாண்டுக்கு ஒருமுறை போடலாம் என்ற பரிந்துரையை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நோயெதிர்ப்பியலாளர் ரொனால்ட் ஷுல்ட்ஸ் 1978-லேயே மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து முன்வைத்தார். பின்னாளில் அவர் நடத்திய சோதனைகளில், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கு ஊசி பெற்ற நாய்கள் ஏழாண்டுகள் கழித்துக் கிருமியைச் செலுத்தியபோதும் காக்கப்பட்டன. 2003-இல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் மூன்றாண்டு இடைவெளியை ஏற்றது. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் இன்னும் தெளிவானவை: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ் ஆகிய மூன்றுக்குமான ஊசிகளை, குட்டிப் பருவத் தொடர் முறையாக முடிந்தபின், மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை. அச்சங்கத்தின் குழு 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் ஆசிய நாடுகள் பலவற்றுக்கு நேரில் சென்று, இப்பகுதி மருத்துவர்களுக்கெனத் தனி அறிக்கையே வெளியிட்டது. ஆகவே, “அதெல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்தும், நமக்கன்று” என்று தள்ளிவிடவும் இயலாது.

அடுத்த பிழை ‘பூஸ்டர்’ என்ற சொல்லில் இருக்கிறது. அச்சொல்லுக்குள் ஒரு முன்னனுமானம் ஒளிந்துள்ளது: ஆற்றல் தாழ்ந்துவிட்டது, இப்போது உயர்த்துகிறோம் என்பது. “நீங்கள் பொய் சொல்வதை நிறுத்திவிட்டீர்களா?” என்ற கேள்வியைப் போல, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் முன்னனுமானம் கேள்விக்குள்ளாவதில்லை. ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு. இம்மூன்று ஊசிகளிலும் இருப்பவை பெரும்பாலும் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்கள். அவை உடலில் பெருகினால்தான் எதிர்ப்பாற்றலைத் தூண்டும். போதிய எதிர்ப்பொருள் ஏற்கெனவே உள்ள நாயின் உடலில் அவை பெருகுமுன்பே செயலிழக்கச் செய்யப்படுகின்றன. அதாவது, காப்புள்ள நாய்க்குப் போடும் பூஸ்டர் பெரும்பாலும் எதையும் உயர்த்துவதில்லை.

இந்தச் செயல்முறை எந்தக் கால்நடை மருத்துவருக்கும் புதிதன்று. குட்டிகளுக்கு ஏன் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறோம்? சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், ஊசியிலுள்ள வைரஸை அழித்துவிடக்கூடும் என்பதால்தான். அதனால்தான் கடைசித் தவணை பதினாறு வாரமோ அதற்குப் பின்போ இருக்க வேண்டும் என்கிறார்கள். தாய் தந்த எதிர்ப்பொருள் ஊசியை முறியடிக்கும் என்று குட்டியின் பொருட்டு ஏற்றுக்கொள்ளும் நாம், நாயே உண்டாக்கிய எதிர்ப்பொருளும் அதையே செய்யும் என்பதை ஆறு வயது நாயின் பொருட்டு மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அறிவது எப்படி? அதற்கே டைட்டர் பரிசோதனை. சிறிதளவு குருதியை எடுத்து, அதன் தெளிநீரைப் பாதிபாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். எந்த நீர்ப்பு வரை அது வைரஸைத் தடுக்கிறதோ அதுவே டைட்டர். சில நிமிடங்களில் விடை சொல்லும் சிறு பரிசோதனைப் பெட்டிகளும் உண்டு. இம்மூன்று நோய்களைப் பொறுத்தவரை, எதிர்ப்பொருள் இருப்பதற்கும் நாய் காக்கப்பட்டிருப்பதற்கும் உள்ள தொடர்பு உறுதியானது. மறுதலை அவ்வளவு உறுதியானதன்று: எதிர்ப்பொருள் காணப்படாவிட்டாலும் நினைவு செல்கள் இருக்கக்கூடும். அந்த ஐயம் எழுந்தால் ஊசி போட்டுவிடலாம், இழப்பொன்றுமில்லை. உண்டு என்ற விடை ஊசியைத் தவிர்க்கிறது. இல்லை என்ற விடை ஊசியை வேண்டுகிறது. இரண்டு விடைகளும் பயனுள்ளவை. ஆய்வாளர் வேறென்ன கேட்க முடியும்?

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்தாவிட்டால் இப்பதிவு தீங்கு செய்யும். நம் அட்டையில் “அடுத்த தவணை” என்ற ஒரே தலைப்பின்கீழ் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடைந்து கிடக்கின்றன.

முதல் வகை, மேற்சொன்ன மூன்று வைரஸ்கள். நீண்டகாலக் காப்பு, பரிசோதித்து அறியத்தக்கது.

இரண்டாம் வகை, லெப்டோஸ்பைரா. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதன் கிருமி. இது பாக்டீரியா, ஊசியின் காப்பும் குறுகியது. எதிர்ப்பொருள் அளவு காப்பைச் சுட்டுவதும் இல்லை. எலியும் மழைநீர்த் தேக்கமும் மலிந்த நம் நகரங்களில் இதற்கு ஆண்டு ஊசியே முறை. இதற்கு டைட்டர் கேட்பது அறியாமை.

மூன்றாம் வகை, ரேபிஸ். இதில் விவாதமே இல்லை. உலக ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நோய் வெளிப்பட்டபின் மீட்சி என்பது ஏறத்தாழ இல்லை. நாய்வழி ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாநகராட்சிகள் பலவும் வளர்ப்பு நாய் உரிமத்துக்கு நடப்பிலுள்ள ரேபிஸ் சான்றிதழைக் கேட்கின்றன, கேட்கவும் வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்காக நாயின் குருதியில் ரேபிஸ் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையாமல் உள்ளதா என்று பார்ப்பார்கள். அது ஊசியோடு சேர்த்துக் கேட்கப்படும் சான்று, ஊசிக்கு மாற்று அன்று. “டைட்டர் நன்றாக இருக்கிறது, ஆகவே ரேபிஸ் ஊசி வேண்டாம்” என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அவர் தம் நாயை மட்டுமன்றித் தெருவிலுள்ள குழந்தையையும் பணயம் வைக்கிறார்.

ஆக, என் கோரிக்கை எல்லா ஊசிகளையும் நிறுத்துவதன்று. மூன்று பொருள்களுக்கு மூன்று தனி வரிகள் வேண்டும் என்பதே.

இதற்கு எதிராக நான் கேட்ட வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

“பரிசோதனைக்கு ஊசியைவிடச் செலவு அதிகம்.” உண்மை. ஆனால் எல்லா நாய்களுக்கும் ஆண்டுதோறும் டைட்டர் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை; அது ஒரு சடங்கை நீக்கி வேறொரு சடங்கை நிறுவுவதாகும். முறையாக ஊசி பெற்று வளர்ந்த நாய்க்கு மூன்றாண்டு இடைவெளியே போதும். அதற்குப் பரிசோதனைச் செலவும் இல்லை. பரிசோதனை வேண்டப்படுவது சில இடங்களில்: குட்டிப் பருவத் தொடர் முடிந்தபின் இருபது வார அளவில் ஒருமுறை, வரலாறு தெரியாத, தத்தெடுத்த நாய்க்கு, முன்பு ஒவ்வாமை கண்ட நாய்க்கு, முதுமையிலோ நாட்பட்ட நோயிலோ இருக்கும் நாய்க்கு.

“நம் நாட்டில் மின்வெட்டும் வெயிலும், குளிர்பதனச் சங்கிலியை நம்ப முடியாது. ஆகவே அடிக்கடி போடுவதே பாதுகாப்பு.” இதுவே பரிசோதனைக்கு ஆதரவான மிக வலிய வாதம் என்பதை இதைச் சொல்பவர்கள் உணர்வதில்லை. இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய குப்பி வெயிலில் கிடந்து செத்துப்போயிருந்தால், அதே குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் அடுத்த குப்பி மட்டும் உயிரோடு இருக்குமா? செத்த ஊசியை ஐந்து முறை போட்டாலும் அட்டையில் ஐந்து முத்திரைகள் விழுமேயன்றிக் காப்பு வராது. மருந்தின் தரத்தில் ஐயம் இருக்கும் நாட்டில்தான் விளைவைச் சோதிப்பது இன்றியமையாதது. இதை எண்ணும்போது என் அச்சம் மிளகைப் பற்றியதன்று. முத்திரைகள் நிரம்பிய அட்டையோடு காப்பில்லாமல் பூங்காவில் ஓடிக்கொண்டிருக்கும் நாயைப் பற்றியது. ஒரு சில நாய்களுக்கு மரபியல் காரணமாகவே எவ்வளவு போட்டாலும் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அவற்றையும் தேதி காட்டிக்கொடுக்காது; குருதிதான் காட்டிக்கொடுக்கும்.

“ஆண்டு ஊசி இல்லையென்றால் மக்கள் நாயை மருத்துவரிடமே கொண்டுவர மாட்டார்கள்.” இதில் நேர்மை இருக்கிறது. பல், இதயம், எடை, கட்டி என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை பல. அவ்வாறெனில் ஆண்டு உடற்பரிசோதனை என்றே பெயரிட்டு அதற்கு உரிய கட்டணம் வாங்குங்கள். மகிழ்ந்து தருவோம். மருத்துவரின் அறிவுக்குத் தர வேண்டிய ஊதியத்தை மருந்துக் குப்பியின் விலையில் ஒளித்துவைப்பது மருத்துவருக்கே இழிவு.

“ஊசியால் தீங்கு மிக அரிது, போட்டால்தான் என்ன?” அரிதுதான். 2005-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான, 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையின்படி, ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் பக்கவிளைவு கண்டவை 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38. அவற்றுள் பெரும்பாலானவை கடுமையானவை அல்ல. ஆனால் உருவில் சிறிய நாய்களுக்கும், ஒரே வருகையில் பல ஊசிகள் பெற்ற நாய்களுக்கும் அவ்வாய்ப்புக் கூடியது என்பதையும் அக்கட்டுரை காட்டியது. மிளகு இரண்டு பிரிவிலும் வரும். நோயைத் தடுக்கும் ஊசிக்காக அந்தச் சிறு அபாயத்தை ஏற்பது அறிவு. எதையும் தடுக்காத ஊசிக்காக ஏற்பதற்கு என்ன பெயர்? மிளகின் முகத்தை வீங்கவைத்தது எந்த ஊசியின் எந்தப் பகுதி என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செலுத்தினால் அது தெரியவே தெரியாது.

“இத்தகைய பேச்சு தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்கு உணவாகும்.” எதிர்ப்பாளர்களுக்கு உணவாவது கேள்வியன்று, கேள்விக்குக் கிடைக்கும் “தேதி வந்துவிட்டதே” என்ற விடை. தேவையற்றதைத் தேவை என்று சொன்னது வெளிப்படும் நாளில், தேவையானதைத் தேவை என்று சொன்னதையும் மக்கள் நம்ப மறுப்பார்கள். அன்று ரேபிஸ் ஊசியும் ஐயத்துக்குள்ளாகும்.

இப்போது அந்த நான்கு குட்டிகளிடம் திரும்புகிறேன். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். அவ்விடத்தில் அடுத்து ஈனப்படும் குட்டிகளும் அதே மண்ணில்தான் தவழும். டிஸ்டெம்பரோ நாய்களோடு நிற்பதும் இல்லை: 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் பலவற்றில் அந்த வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. ஒரு நோயை ஓர் ஊரிலிருந்து விரட்டுவது ஒரே நாய்க்கு ஆறு முறை போடும் ஊசியன்று. ஆறு நாய்களுக்கு ஒவ்வொரு முறையாவது போடும் ஊசி. நம் பணம், நம் மருத்துவர்களின் நேரம், நம் குளிர்பெட்டிகளின் இடம் ஆகிய மூன்றும் அளவானவை. காப்புள்ள உடலில் அவற்றைக் கொட்டும் ஒவ்வொரு முறையும், காப்பற்ற ஓர் உடலிடமிருந்து அவற்றை எடுக்கிறோம். என் வாதத்தின் உயிர் இங்குதான் இருக்கிறது.

ஆய்வுலகத்தில் இருக்கும் நம்மிடம் இதை ஏன் பேசுகிறேன்? “எப்போதும் இப்படித்தான்” என்பதைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று முதலாண்டு மாணவருக்குக் கற்பிப்பவர்கள் நாம். மூலத்தைப் பார்க்காமல் மேற்கோளின் மேற்கோளை எடுத்தாண்டால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புபவர்கள் நாம். அதே நாம், கையில் அட்டையோடு மருத்துவமனை வாசலில் நிற்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நானும் ஆறாண்டு கேட்கவில்லை. மிளகின் முகம் வீங்கியிராவிட்டால் ஏழாவது ஆண்டும் கேட்டிருக்க மாட்டேன்.

இறுதியில், வேறொரு மருத்துவமனை வழியாக மிளகின் குருதி மாதிரியை அனுப்பினோம். மூன்று வைரஸ்களுக்கும் போதிய எதிர்ப்பொருள் இருந்தது. அந்த முடிவை எங்கள் பழைய மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கூட்டு ஊசியை விட்டுவிட்டு, லெப்டோவுக்குரிய தனி ஊசியை மறுநாள் வரவழைத்துப் போட்டார். அரைமணி நேரம் உட்காரவைத்துக் கவனித்தார். இரண்டு வாரம் கழித்து ரேபிஸ் ஊசி போட்டார். இம்முறை வீக்கம் இல்லை. அட்டையில் “அடுத்த தவணை” என்ற தலைப்பின்கீழ் மூன்று வரிகளாகப் பிரித்துத் தம் கைப்பட எழுதித் தந்தார். அவரைப் பற்றி நான் சொன்ன குறையோடு இதையும் சொல்வதே முறை.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. உங்கள் நாயின் அட்டையை எடுத்துப் பாருங்கள்; அடுத்த முறை போகும்போது, “இவற்றுள் எது ஆண்டுதோறும் வேண்டும், எது வேண்டாம், ஏன்?” என்று மருத்துவரிடமே கேளுங்கள். ரேபிஸ் தேதியை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது, எங்கள் வளாகத்து நண்பர்களுக்கு. சமையற்கூடத்தின் பின்புறம் அதே தாய் மீண்டும் ஈன்றிருக்கிறது, மூன்று குட்டிகள். அவற்றைச் சுவருக்கு இப்பால் புதிய இடத்துக்கு மாற்றிவிட்டோம். இரண்டு தவணைகள் போட்டாயிற்று. வரும் சனிக்கிழமை பதினாறு வாரம் நிறைகிறது. கடைசித் தவணைக்கும் ரேபிஸ் ஊசிக்கும், தாயின் கருத்தடைக்கும் பணம் சேர்க்கிறோம். வளர்ப்பு நாய் வைத்திருப்பவர்கள் இவ்வாண்டு போடாமல் விடும் ஒரு கூட்டு ஊசியின் விலையைத் தந்தால் போதும்.